அடிமைக் குடிசையில் பிறந்த தாவர அறிஞர்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், 1864-ஆம் ஆண்டையொட்டி, அடிமைத் தாய் ஒருத்தியின் மகனாகப் பிறந்தார் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையின் பிறந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. கைக்குழந்தைப் பருவத்திலேயே ஆள் கடத்தும் கும்பலிடம் அன்னையை இழந்தார். வளர்ந்தபின், இடமளித்த கல்லூரி ஒன்றே அவர் கறுப்பர் எனக் கண்டதும் திருப்பியனுப்பியது. அந்த வேதனையை நம்மவர்க்கு விளக்கவும் வேண்டுமோ?

அவர் சோர்ந்தாரில்லை. அயோவா வேளாண்மைக் கல்லூரியில் தாவரவியலும் தோட்டக்கலையும் பயின்று, 1894-இல் இளநிலையும் 1896-இல் முதுநிலையும் பெற்றார். அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். ஆயினும், புக்கர் டி. வாஷிங்டன் அழைத்தவுடன், அவ்வாண்டே அலபாமாவின் டஸ்கீகி கல்விக்கூடம் சேர்ந்தார்.

அங்கே, இடைவிடாத பருத்திச் சாகுபடியால் நிலம் சத்திழந்திருந்தது. விடுதலை பெற்றும் கறுப்பின உழவர் வாரத்திலும் கடனிலும் மூழ்கியிருந்தனர். வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து ஊட்டும் வேர்க்கடலையையும் தட்டைப்பயற்றையும் மாற்றிப் பயிரிடக் கார்வர் கற்பித்தார். 1906-இல் வேளாண்மைக் கல்வியை வண்டியேற்றிச் சிற்றூர்களுக்கே அனுப்பினார். 1916-இல் வேர்க்கடலையைச் சமைக்கும் 105 முறைகளை ஏழை இல்லங்களுக்கென வெளியிட்டார். கடலையிலிருந்து எண்ணெய், பால், மாவு எனப் பலவற்றை ஆராய்ந்தார். 1921-இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் கடலையின் பயன்களை விளக்கினார். மூன்று காப்புரிமைகளே பெற்றார். சேமிப்பையெல்லாம் ஆராய்ச்சிக்கே அளித்து, 1943-இல் மறைந்தார்.

இளைஞர்களே, பட்டம் பெற்று ஊரை மறப்பது எளிது. கற்ற கல்வியைத் தம்மவரின் வயலுக்கே திருப்பினார் கார்வர். நம் சங்கம் விழைவதும் அத்தகைய கல்வியையே.