பெயரை மறைக்காத பெருந்தகை



மதுராந்தகம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கடல்போல் விரிந்த ஏரி. அடுத்தது ஏரி காத்த இராமரும் கலெக்டர் பிளேசு துரையும் பற்றிய கதை. அதே மதுராந்தக வட்டாரத்தில் கோழியாளம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே பிறந்த ஒருவர் இலண்டன் மாநகரின் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து, பேச வாயில்லாத இலட்சக்கணக்கான மக்களுக்காக வாதாடினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தாம் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன். மக்கள் அன்போடு 'தாத்தா' என்று அழைத்தது இவரைத்தான்.

சீனிவாசன் 1859-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் பிறந்தார். தாழ்த்தப்பட்ட குடும்பம், அதோடு வறுமையும் சேர்ந்துகொண்டது. இரண்டுமாக விரட்ட, அக்குடும்பம் செங்கல்பட்டுச் சீமையை விட்டுத் தஞ்சைப் பக்கம் போயிற்று. பின்னர் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. அங்கே சிறுவனுக்குக் கல்விச்சாலை வாசல் திறந்தது. ஆனால் அந்த வாசலில் அவர் பட்ட பாடு சொல்லத் தரமன்று. அங்கு படித்த ஏறக்குறைய 400 பேரில் பத்துப் பேர் தவிர மற்றவரெல்லாம் பிராமணப் பிள்ளைகள். யாராவது நெருங்கி வந்து உன் ஊர் எது, உன் குலம் எது என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? இந்த அச்சத்தால் அவர் மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் நின்று படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்ததும் உள்ளே நுழைவார். மாலையில் மணி அடித்ததும் விரைந்து வீடு சேருவார். விளையாட ஆசையில்லாத பிள்ளை உண்டா? அந்த ஆசையையும் அடக்கிக்கொண்டார். இதைத் தம் முதுமையில் எழுதிய சிறிய வாழ்க்கை வரலாற்றில் அவரே பதிவு செய்திருக்கிறார். இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய்த் தோழியரோடு கைகோக்கும் நீங்கள், இதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

படிப்பு முடிந்தபின் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனங்களில் கணக்கராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். நல்ல சம்பளம், குளிர்ந்த மலை, மதிப்பான வேலை. அங்கேயே அமைதியாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1890-இல் சென்னைக்கு வந்தார். ஊர் ஊராகச் சென்று தம் மக்களின் நிலையைக் கண்டறிவதில் இறங்கினார்.

அந்நாளில் நம் செங்கல்பட்டு மாவட்டம் எப்படி இருந்தது என்பதைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். இங்கே மிராசு முறை வேரூன்றி இருந்தது. நன்செய், புன்செய் மட்டுமன்று, ஊர்த் தரிசின் மேலும் மிராசுதாரருக்கே முதல் உரிமை. பரம்பரையாக அவர் நிலத்தில் உழைத்த படியாள் ஒருவன் ஒரு துண்டுத் தரிசைக் கேட்டு அரசாங்கத்திற்குத் தர்க்காசு மனுப் போட்டால், மிராசுதாரர் குறுக்கே வந்து அதைத் தமக்கே வாங்கிக்கொள்ளலாம். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அவன் குடியிருந்த குடிசையின் அடிமண்கூடப் பல ஊர்களில் அவனுடையதன்று. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான். கூலி போதவில்லை என்று கேட்க எங்ஙனம் வாய் வரும்?

செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் என்ற ஆங்கிலேயர் 1891-இல் இவற்றையெல்லாம் விரிவாக எழுதி அரசாங்கத்திற்கு அனுப்பினார். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கத்தில் வெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் இதே குறையை எடுத்துரைத்து வந்தனர். சபை வேறாயினும் நல்ல காரியத்தைப் போற்றுவதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. இதன் பலனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் அரசாணை பிறந்தது. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் நிலம் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்டது என்பர். பத்தாண்டுகள் வரை விற்கக்கூடாது. அதன் பின்னும் அதே வகுப்பாருக்கன்றி வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படுவது இதுவே.

ஆனால் அரசாணை தாளில் இருந்தால் போதுமா? அதைக் கேட்டுப் பெற மக்களிடையே ஓர் அமைப்பு வேண்டாமா? 1891-இல் சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'பறையன்'!

இந்தப் பெயரைக் கண்டு அவருடைய சொந்த மக்களே திகைத்தனர். யாரும் வாயால் சொல்லக் கூசிய பெயர்; வசையாகவே வழங்கிய பெயர். அவருடைய தங்கை தனலட்சுமியை மணந்த பண்டிதர் அயோத்திதாசரும் பெரிய சீர்திருத்தக்காரர். அவர் இந்தப் பெயரே வேண்டாம், நாம் பழந்தமிழ்க் குடிகள் என்ற கருத்துடையவர். பின்னாளில் 1907-இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்குத் 'தமிழன்' என்ற பெயர் நிலைத்தது. மைத்துனர் இருவரும் இவ்விஷயத்தில் இரு திசையில் நின்றனர். சீனிவாசன் எண்ணம் வேறு. எந்தப் பெயரால் ஒருவனை இழிவு செய்கிறார்களோ, அந்தப் பெயரை அவன் மறைத்துக்கொண்டு எத்தனை நாள் வாழ்வான்? தலை நிமிர்ந்து அதைச் சொல்லிக்கொண்டே உரிமை கேட்க வேண்டும் என்றார். பள்ளி வாசலுக்கு வெளியே ஒளிந்து நின்ற சிறுவன் அல்லவா இப்படிச் சொல்கிறான்! அயோத்திதாசர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் இளமையில் அத்தனை அஞ்சியவர் இந்தத் துணிவுக்கு வந்தது பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான்கு பக்கம், இரண்டணா விலை. முதல் இதழ் இரண்டே நாட்களில் 400 படிகள் விற்றுப்போயின. மாத இதழாகத் தொடங்கியது மூன்றே மாதத்தில் வார இதழாயிற்று. இரண்டு ஆண்டுகளில் சொந்த அச்சுக்கூடமும் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே இருந்த சமூகத்தில் இது எப்படி நடந்தது? ஒருவர் படிக்கப் பலர் சுற்றி உட்கார்ந்து கேட்டால் ஒரு படி பல வீடுகளுக்குப் போதும். ஒருமுறை பத்திரிகையில் வந்த ஒரு செய்திக்காக அவதூறு வழக்கில் 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்நாளில் 100 ரூபாய் என்பது சிறு தொகையன்று. அவருடைய மக்களே தொகை திரட்டிக் கட்டினார்கள்.

அதே 1893-இல் இன்னொரு செய்தி. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரினர். நியாயமான கோரிக்கைதானே என்று நமக்குத் தோன்றும். சீனிவாசன் எதிர்த்தார். அந்நாளில் கல்வி பெற்றிருந்தவர் மேல்சாதியார் மட்டுமே. தேர்வு இங்கே நடந்தால் அதிகாரமெல்லாம் அவர்கள் கைக்கே போகும், எங்கள் பிள்ளைகள் முதலில் படிக்கட்டும் என்பது அவர் வாதம். இராயப்பேட்டை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, 3,412 பேரின் கையெழுத்தோடு பாராளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். அதன் நீளம் 112 அடி! வெள்ளையருக்கு வால் பிடிக்கிறார் என்று சிலர் ஏசினர். அந்த ஏச்சு அவரை விட்டு நெடுநாள் நீங்கவில்லை.

1900-இல் இலண்டன் செல்லப் புறப்பட்டவர் ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. பத்திரிகையும் நின்றது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணி செய்தார். அங்கேதான் வழக்கறிஞராக இருந்த காந்தியடிகளோடு பழக்கம் ஏற்பட்டது. காந்தியடிகள் தமிழில் கையொப்பமிடக் கற்றது இவரிடம்தான் என்பர்.

நாடு திரும்பியபின் 1923-இல் சென்னை சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டு, 1924 ஆகஸ்டு 22-ஆம் நாள், அவர் கொண்டுவந்த தீர்மானம்தான் அவர் வாழ்வின் சிகரம் என்று நான் கருதுகிறேன். பொதுச்சாலை, தெரு, பொது அலுவலகம், கிணறு, குளம் ஆகிய எதிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் நடமாடவும் பயன்படுத்தவும் எவரும் தடை சொல்லக்கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது; செப்டம்பர் 25-ஆம் நாள் அரசாணையாகவும் வெளிவந்தது. அதே ஆண்டுதான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க உரிமை கேட்டவர்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தனர் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

கிணறு என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றவர்கள் பெண்கள். குடத்தோடு கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். மேல்சாதிப் பெண் எவளேனும் மனமிரங்கி ஒரு வாளி சேந்தி, எட்ட நின்று குடத்தில் ஊற்றும் வரை காத்திருக்க வேண்டும். வெயிலானாலும் சரி, வீட்டில் கைக்குழந்தை அழுதாலும் சரி. யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவர் தாமே தண்ணீர் கேட்டதை நற்செய்தியில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஆனாலும் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்கள் சிலவற்றில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துத் தடுப்பு வைத்திருந்த காலமும் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

இன்று செங்கல்பட்டில் பேருந்து ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறீர்கள். வழியில் எந்தத் தெருவில் இறங்கினாலும் யாரும் உங்கள் குலத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை. இந்த எளிய காரியத்துக்கு ஒரு தீர்மானமும் ஓர் அரசாணையும் அதன்பின் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ சண்டைகளும் வேண்டியிருந்தன.

1930 நவம்பரில் இலண்டன் வட்டமேசை மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதிகளாகச் சென்றவர் இருவர். ஒருவர் 39 வயது டாக்டர் அம்பேத்கர். மற்றவர் 71 வயது சீனிவாசன். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அளித்த வரவேற்பில் நடந்ததாக இன்றும் ஒரு செய்தி சொல்வார்கள். சீனிவாசன் தம் கோட்டில் தம் பெயரையும் குலத்தையும் தீண்டப்படாதவர் என்பதையும் எழுதிய அட்டையைக் குத்தியிருந்தாராம். மன்னர் கை நீட்டியபோது கை கொடுக்கத் தயங்கி, தாம் தீண்டத்தகாதவர் என்றாராம். தெருவில் விழுந்தால் உம்மைத் தூக்க மாட்டார்களா என்று மன்னர் வியந்து கேட்க, மாட்டார்கள் என்றாராம். மன்னர் தாமே கையைப் பற்றிக் குலுக்கினாராம். ஆயிரம் பக்க அறிக்கை செய்யாததை அந்த அட்டை செய்தது!

1932-இல் பூனா ஒப்பந்தம். தமிழ்க் கையொப்பத்தின் ஆசிரியரும் மாணாக்கரும் இப்போது எதிரெதிர்ப் பக்கம். ஒப்பந்தத்தின்படி தாழ்த்தப்பட்டோருக்கு மாகாண சட்டசபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் கையெழுத்திட்டவர்களுள் சீனிவாசனும் ஒருவர். 1935-இல் அம்பேத்கர் மதம் மாறப்போவதாக அறிவித்தபோது, அவரோடும் இவர் ஒத்துப்போகவில்லை. இந்து வருணங்களுக்குள் நாம் என்றுமே இருந்ததில்லையே, பின் வெளியேறுவது எங்கிருந்து என்று கேட்டார். கிறிஸ்தவர்களாகிய நாம் இதை வேறு விதமாகப் பார்க்கலாம். ஆனால் நண்பர் என்பதற்காகத் தம் கருத்தை மாற்றிக்கொள்கிறவர் அல்லர் அவர். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அரசாங்கம் அளித்த பட்டங்களும் அவரை மாற்றவில்லை.

1945 செப்டம்பர் 18-ஆம் நாள், விடுதலைக்கு இரண்டாண்டுக்கு முன்பு, அவர் மறைந்தார். சென்னை ஓட்டேரியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் காலத்துச் சிக்கல் ஒன்று இன்னும் தீரவில்லை. பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி நிபந்தனையை மீறி வேறு கைகளுக்குப் போய்விட்டது. நம் மாவட்டத்துக் காரணைக் கிராமத்து நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கல்பட்டில் போலீசார் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். அந்த வழக்குகளையும் பட்டாக்களையும் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்திய அஞ்சல் துறை 2000-ஆம் ஆண்டில் சீனிவாசனுக்குத் தபால் தலை வெளியிட்டது. கிண்டியில் காந்தி மண்டப வளாகத்திலேயே அவருக்கும் மணிமண்டபம் அமைந்திருக்கிறது. சிறுவர் பூங்காவுக்குச் சுற்றுலா போகும் வகுப்புகள் அப்படியே சற்று நடந்து அதையும் பார்த்துவிட்டு வரலாம். வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது.