பிராண்டு அம்மையார் வரலாறு

தகடூர் எனப் பண்டு வழங்கிய தருமபுரியில் வாழும் நமக்குக் கொல்லிமலை அயல் அன்று. தகடூர் அதியமானையும் கொல்லிக் கோமான் வல்வில் ஓரியையும் வள்ளல் எழுவருள் ஒருங்கு வைத்து எண்ணுதல் தமிழ் மரபு. 1965-ஆம் ஆண்டு வரை இவ்விரு நிலமும் சேலம் ஜில்லா என்னும் ஒரே எல்லைக்குள் அடங்கியிருந்தன. அம்மலையில் வாழ்ந்து அம்மலையிலேயே அடக்கமாகிய எவ்லின் பிராண்டு அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம். அவர் கிறிஸ்தவர், யாம் அச்சமயத்தேம் அல்லேம். எனினும், மக்களைப் பெற்று, அவர்தம் நன்மை யாதென அறியாது கலங்கும் பெற்றோர் எச்சமயத்தினும் உளர். ஆதலின் இவ்வரலாறு நம் சங்கத்துக் குடும்பங்கட்கும் உரியதே.

அம்மையார் 1879-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் செல்வ வணிகர் ஒருவர்க்கு மகளாய்த் தோன்றினார், ஓவியம் பயின்றார். முப்பது வயதைக் கடந்த பின்னர் இன்ப வாழ்வைத் துறந்து, மிஷன் தொண்டின்பொருட்டுச் சென்னை போந்தார். 1913-இல் ஜெஸ்ஸி பிராண்டு என்னும் தொண்டரைச் சேந்தமங்கலத்தில் மணந்து, கணவரோடு கொல்லிமலை ஏறினார். அந்நாளில் அம்மலைக்குப் பாதையில்லை. மலைச்சுரத்திற்கு அஞ்சிக் கீழ்நாட்டார் ஆங்கு இரவு தங்கவும் உடன்படார். 1914-இல் பால் என்னும் ஆண்மகவும், பின்னர்க் கானி என்னும் பெண்மகவும் அவர்க்குப் பிறந்தன.

கடவுளை வேண்டிய பின்னன்றி எச்செயலையும் தொடங்காத இயல்பினர் இவ்விருவரும். ஆயின், வேண்டிவிட்டு வாளா இருந்தாரல்லர். சுரத்திற்கு மருந்து கொடுத்தனர், நரம்புச் சிலந்தியை உடலினின்றும் வாங்கினர், பள்ளி வைத்தனர், தச்சும் ஓட்டுவேலையும் கற்பித்தனர், ஆரஞ்சு நட்டனர். இங்ஙனம் உழைத்தும் ஆறேழு ஆண்டுகள் அவர்தம் சமயத்தை மலைமக்கள் தழுவவில்லை. 1918-இல் உலகெங்கும் பரவிய இன்புளுயன்சா விஷசுரம் மலையிலும் புகுந்தது. அதுகாறும் அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் அந்நோயில் வீழ்ந்தார். அணுக அஞ்சி ஏனையோர் விலகிய அந்நேரத்தில் பிராண்டு தம்பதிகளே அருகிருந்து பணிசெய்தனர். அவர் இறக்குந் தறுவாயில் தம் பச்சிளம் பெண்மகவை அவர்கள்பால் அடைக்கலம் தந்தார். ரூத் எனப் பெயரிட்டு அக்குழவியை அவர்கள் தம் மகளாகவே வளர்த்தனர்.

பிறர் மகவை ஏற்ற அத்தாய்க்குத் தம் மக்களைப் பிரியும் காலமும் வந்தது. மலையில் உயர்கல்விக்கு இடமில்லை, சுரமோ ஓயவில்லை. 1923-இல் இருவரையும் தாய்நாடு கொண்டு சென்று, தம் உடன்பிறந்த மங்கையரிடத்து விடுத்துக் கணவருடன் மீண்டும் மலைக்குத் திரும்பினார். அப்பொழுது பாலுக்கு வயது ஒன்பது. அக்காலத்து ஆங்கிலேயர் பலர் கைக்கொண்ட வழக்கமே அது. ஆயினும், வழக்கம் என்பது தாயின் நெஞ்சை ஆற்றுமோ? தந்தையார் மலையின் மரங்களையும் சிற்றுயிர்களையும் பற்றி மைந்தனுக்கு இடையறாது கடிதம் எழுதிவந்தார். மறு ஆண்டில் மக்களைக் காணலாம் என்றிருந்த நிலையில், 1929-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய மலைச்சுரத்தால் தம் நாற்பத்து நான்காம் வயதளவில் அவர் மலையிலேயே உயிர்நீத்தார். இறந்த செய்தி தந்தி வழியே முன்னே சென்றது. அவர் கைப்பட எழுதிய கடிதம் கப்பல் வழியே பின்னே சென்றது. கணவரை இழந்து தாய்நாடு வந்த அன்னை, துயரால் மூத்துத் தளர்ந்திருந்தமையின், மைந்தன் அவரைக் கண்டு திகைத்தனன்.

மக்களைப் பிரிந்தது தக்கதோ என வினவுவார் உளர். தக்கதே என்று அறுதியிட யாமும் துணியோம். தந்தையின் முகத்தை மீண்டும் காணாத இழப்பை எதனாலும் ஈடுசெய்தல் அரிது. ஆயின் ஒன்று கூறுவோம்: அவர் தம் மகனுக்கு இன்ன தொழில் வேண்டும் என்று இறைவனுக்கும் கட்டளையிட்டாரல்லர், மகனுக்கும் கட்டளையிட்டாரல்லர். மலையிற் கண்ட புண்ணும் சீழும் நினைவில் நின்றமையின் பால் மருத்துவத்தை வெறுத்துக் கட்டட வேலை பயின்றார். சில ஆண்டுகள் கழிந்த பின்னரே தாமாக மருத்துவத்தின்பால் திரும்பினார். 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் மடங்கிய விரல்கட்குத் தசைநாரை மாற்றிப் பொருத்தி இயக்கம் அளித்தார். அந்நோயில் விரல் அழிவது பெரும்பாலும் வலி உணர்வு கெட்டதனால் நேரும் காயங்களால் என்று உலகிற்கு உணர்த்தினார். தச்சும் கொத்தும் பயின்ற கை அவர்க்கு அப்பணியில் துணைசெய்தது. தாய் காத்திருந்த காலம் வீண்போகவில்லை.

அறுபத்தெட்டு வயதளவில் மிஷன் தலைவர்கள் அம்மையாரை ஓய்வு பெறச் செய்தனர். அவரோ ஊர் திரும்பாது மலையேறினார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன்மலை, நம் ஜில்லாவின் சித்தேரிமலை உள்ளிட்ட ஐந்து மலைகளிலும் தொண்டாற்றல் வேண்டும் என்பது கணவரோடு அவர் கொண்ட பழைய உறுதி. குதிரைக் குட்டியின்மீது ஏறி ஊர்தோறும் சென்றார். எழுபத்தைந்தாம் வயதில் வீழ்ந்து இடுப்பு முறிந்து, இரவெல்லாம் தனியே கிடந்தார். இனியேனும் மலையை விட்டு இறங்குக என மருத்துவராகிய மகனே வேண்டினார், அம்மையார் இசைந்திலர். மகனைத் தன் விருப்பில் விட்ட தாய், தாமும் தம் வழியிலேயே நின்றார். கைக்கோல் இரண்டினை ஊன்றி நடந்து, 1974-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கணவர் துயிலும் இடத்தருகே அடக்கம் பெற்றார்.

நம் சங்கத்துப் பெற்றோருள் பலர் மக்களை வெளியூர் விடுதிகளில் விட்டுப் படிப்பிக்கின்றனர். தேர்வுக் காலத்தில் நாம் கோயில்தோறும் நேர்ந்துகொள்கின்றோம். பெரும்பாலும் நாம் முன்னரே முடிவு செய்த ஒன்றைத் தருமாறே வேண்டுகின்றோம். செய்யத்தக்கது யாது எனும் தெளிவை வேண்டுவார் சிலரே. பிராண்டு அம்மையார் வேண்டியது அத்தெளிவு. பெற்ற தெளிவின்படி உழைத்தார். எண்ணியது நிகழாதவிடத்தும் பொறுத்தார். மகன் வேறு வழி நடந்தபோது கடிந்திலர். இன்றிரவு விளக்கேற்றிக் கைகூப்பும் நம் தாய்மாரும் தந்தைமாரும், மக்கட்கு வேண்டுவன கேட்குமுன், தமக்கு வேண்டும் அறிவைச் சிறிது கேட்பாராயின், இவ்வரலாற்றை எழுதிய பயனை யாம் பெற்றோமாவோம்.