பிழையைத் தேடிச் சென்ற பெருமகன்

அமீர்பேட்டில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை உண்போர் பலரை நாம் அறிவோம். அச்சிறு மாத்திரை பிறந்த வரலாற்றில் ஓர் அறுவை மருத்துவரின் நேர்மைக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் தியோடர் கோக்கர்.

1841 ஆகஸ்டு 25-ஆம் நாள் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் அவர் பிறந்தார். அங்கேயே மருத்துவம் பயின்றார். வியன்னாவில் பில்ரோத் என்னும் பேராசானிடம் பழகினார். 1872-இல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார்.

மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைந்த அம்மலைநாட்டில் முன்கழுத்துக் கழலை மிகுதி. தைராய்டு சுரப்பி பருத்து மூச்சுக்குழலை நெரிக்கும். அதனை அறுத்தாலோ, குருதிப் பெருக்காலும் சீழ் பிடிப்பதாலும் மாண்டவர் பலர். கோக்கர் விரைவை விரும்பவில்லை. லிஸ்டர் காட்டிய தூய்மை நெறியைக் கைக்கொண்டு, குருதிக் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் பற்றிக் கட்டி, நிதானமாக அறுத்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல, அவரிடம் அறுவை செய்துகொண்டோரில் இறந்தவர் நூற்றுக்கு ஒருவரினும் குறைந்தனர்.

ஆயினும் அவர் பெருமை இத்திறமையில் மட்டும் இல்லை.

1874-இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் சுரப்பியை அவர் முழுவதும் அகற்றினார். புண் ஆறியது. ஆனால் அவள் இயல்பே மாறிவிட்டதென அவளுடைய மருத்துவர் தெரிவித்தார். 1882-இல் ஜெனீவா நகரத்து ரெவர்தன் என்பவரும் தம் நோயாளிகளிடம் அத்தகைய மாறுதலைக் கண்டதாகக் கூறவே, கோக்கர் தம்மிடம் அறுவை செய்துகொண்டோரைத் திரும்ப அழைத்தார். முழுச் சுரப்பியையும் இழந்தவருள் வந்து சேர்ந்தோர் 18 பேர். இருவர் நீங்கலாக எல்லோரும் நலிந்திருந்தனர். முகம் வீங்கியிருந்தது, அறிவு மந்தித்திருந்தது. ஒரு காலத்தில் தன்னைப் போலவே தோன்றிய தங்கை வளர்ந்து நிற்க, அச்சிறுமி குள்ளமாகவே நின்றாள்.

கோக்கர் இதனை மறைக்கவில்லை. 1883-இல் பெர்லினில் கூடிய அறுவை மருத்துவர் பேரவையில், தம் கையால் நேர்ந்த தீங்கைத் தாமே எடுத்துரைத்தார். புற்றுநோய் இருந்தாலன்றி முழுச் சுரப்பியையும் அகற்றுவதில்லை என்று உறுதி பூண்டார். பயன் இன்னதென்று விளங்காதிருந்த சுரப்பியே உடலையும் அறிவையும் வளர்ப்பது என உலகம் உணரத் தொடங்கியது. 1891-இல் இங்கிலாந்தின் மரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொண்டு இக்குறையைத் தீர்த்துக் காட்டினார். இன்றைய மாத்திரைக்கு அதுவே முன்னோடி.

1909-இல் கோக்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசு பெற்ற முதல் அறுவை மருத்துவர் அவரே. 1917 ஜூலை 27-இல் பெர்னில் மறைந்தார்.

கழலை ஆராய்ச்சியில் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. கில்கிட் மலைநாட்டில் இந்நோயை ஆராய்ந்த ராபர்ட் மக்காரிசன், பின்னர் நீலகிரிக் குன்னூரில் தொடங்கிய உணவு ஆய்வுக்கூடமே 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்று தார்நாகாவில் விளங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. தமிழ் மண்ணிலிருந்து புறப்பட்டு இங்கே வேரூன்றிய அதனை நம் உறவென்று கொள்வதில் தவறில்லை. அயோடினும் இரும்புச் சத்தும் ஒருங்கே சேர்ந்த உப்பை ஆக்கித் தந்ததும் அந்நிறுவனமே.

வெற்றியை எண்ணி மகிழ்வது எவர்க்கும் எளிது. தம்மால் நலிந்தவரைத் தேடி அழைத்து, அவர் முகத்தை நேர்நின்று நோக்குவது அரிது. அவ்வரிய செயலைச் செய்தவரை நம் இளைஞர் நினைவிற் கொள்வாராக.