காமா (மற்போர் வீரர்)

காமா (மே 22, 1878 – மே 23, 1960) பிரித்தானிய இந்தியாவில் வாழ்ந்த மற்போர் வீரர் ஆவார். இவரது இயற்பெயர் குலாம் முகம்மது பக்ஷ் பட். கிரேட் காமா என்ற பெயரில் உலகெங்கும் அறியப்படுகிறார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கோதாவில் இருந்தும் ஒரு போட்டியில்கூடத் தோற்காதவர் என்பதே இவரது பெரும்புகழுக்குக் காரணம். 1910-இல் இலண்டனில் போலந்து வீரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவுடன் மோதிய பின்னர் இந்திய மற்போரை மேலை நாடுகள் அறிந்துகொண்டன.

இளமை

பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் உள்ள ஜப்போவால் என்ற சிற்றூரில், காஷ்மீர வழிவந்த முசுலிம் குடும்பத்தில் காமா பிறந்தார். தந்தை, பாட்டனார், மாமன் எனச் சுற்றத்தார் பலரும் பயில்வான்கள். காமாவுக்கு ஆறு வயதளவில் தந்தை இறந்தார். அதன் பின்னர் தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப் பின் மாமனும் இவரை வளர்த்துப் பயிற்சி அளித்தனர்.

1888-இல் சோத்பூர் மன்னர் உடல்வலிமைப் போட்டி ஒன்றை நடத்தினார். போட்டி எளியது: பஸ்கி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இறுதி வரை நிற்பவருக்குப் பரிசு. நானூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட அப்போட்டியில் பத்து வயதுச் சிறுவனான காமா கடைசிப் பதினைந்து பேருள் ஒருவராக நின்றார். வயதைக் கருதி மன்னர் இவரையே வெற்றியாளராக அறிவித்தார். தாதியா அரசர் இவரைத் தம் ஆதரவில் எடுத்துக்கொண்டு முறையான பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். அக்காலத்தில் மற்போர் வீரர்களின் உணவு, பயிற்சிக்கூடம், பரிசு ஆகிய அனைத்தும் சுதேச மன்னர்களின் ஆதரவையே நம்பியிருந்தன. காமாவின் வாழ்க்கையும் இதற்கு விலக்கல்ல.

பயிற்சி

நாளொன்றுக்கு 5,000 பஸ்கிகளும் 3,000 தண்டால்களும் எடுத்து, பயிற்சிக்கூடத்தில் நாற்பது பேருடன் அடுத்தடுத்து மோதுவது காமாவின் வழக்கம் எனக் கூறப்படுகிறது. பால், நெய், வாதுமை, இறைச்சி ஆகியவை பெருமளவில் உணவில் இடம்பெற்றன. உணவின் அளவு நூலுக்கு நூல் மாறுபடுவதால் அவ்வெண்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பயிற்சியின் தன்மையே கவனிக்கத்தக்கது. மேலை நாட்டு வலிமையாளர்கள் இரும்புக் குண்டுகளைத் தூக்கி உடலை வளர்த்த அதே காலத்தில், இந்தியப் பயில்வான் தன் உடல் எடையையே கருவியாகக் கொண்டார். அதனுடன் கர்லாக்கட்டை, கதை, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கல்வளையம் ஆகியவையும் பயன்பட்டன. காமா பஸ்கி எடுக்கும்போது அணிந்த 95 கிலோகிராம் எடையுள்ள வளையம் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பரோடா கல்

பரோடாவின் சயாஜி தோட்ட அருங்காட்சியகத்தில் 1,200 கிலோகிராம் எடையுள்ளதாகக் குறிக்கப்பட்ட கல் ஒன்று உள்ளது. 1902 திசம்பர் 23 அன்று காமா இதனைத் தூக்கினார் என்று அதில் பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டரை அடி உயரமுள்ள இக்கல்லைப் பார்த்து வியக்காதவர் குறைவு. எனினும், தற்காலப் பளுதூக்கு வலிமையாளர்கள் கைப்பிடி உள்ள தண்டினைக் கொண்டு தரையிலிருந்து உயர்த்திய பெரும எடையே 500 கிலோகிராமை ஒட்டியதுதான். பிடிப்பதற்கு இடமில்லாத கல் அதைவிட இருமடங்குக்கும் மேற்பட்ட எடையுடன் முழுமையாகத் தரையை விட்டு எழுந்தது என்பதை அப்படியே ஏற்பது கடினம். ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தியிருக்கலாம், அல்லது புரட்டியிருக்கலாம். அதுவும் சாதாரண மனிதரால் இயலாத செயலே.

கல்லைத் தூக்கி வலிமையை மெய்ப்பிப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. தென் மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடும் வழக்கம் இருந்தது. சில ஊர்களில் பொங்கலையொட்டி இன்றும் அது போட்டியாக நடைபெறுகிறது. இளவட்டக்கல் உருண்டையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். அதைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குப் பரோடா கல்லின் அருமை எளிதில் விளங்கும்.

இரகீம் பக்ஷ்

காமாவின் உள்நாட்டு எதிராளிகளில் முதன்மையானவர் குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த இரகீம் பக்ஷ் சுல்தானிவாலா. ஏறத்தாழ ஏழடி உயரமுள்ளவர். காமாவின் உயரமோ ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேற்படாது. 1895-இல் பதினேழு வயதில் காமா இவரை எதிர்த்து மோதினார். போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மூத்தவரும் நெடியவருமான ஒருவரைச் சிறுவன் ஒருவன் தாக்குப்பிடித்து நின்ற செய்தியே காமாவை நாடறியச் செய்தது. பின்னர் இலண்டனிலிருந்து திரும்பிய பிறகு அலகாபாத்தில் இருவரும் மீண்டும் மோதியபோது காமா வென்று, இந்தியாவின் முதன்மை வீரருக்குரிய ருஸ்தம்-ஏ-இந்த் பட்டத்தைப் பெற்றார்.

இலண்டன், 1910

1910-இல் காமாவும் தம்பி இமாம் பக்ஷும் வேறு சில இந்திய வீரர்களும் இங்கிலாந்து சென்றனர். வங்காளச் செல்வந்தர் சரத் குமார் மித்ரா செலவை ஏற்றார். அங்கே நடைபெற்ற போட்டித் தொடரில், உயரம் குறைவு என்று கூறிக் காமாவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தம் நாட்டில் எவரும் எதிர்த்து நிற்க அஞ்சிய ஒருவர், அயல்நாட்டில் வாய்ப்புக்காகக் காத்திருக்க நேர்ந்தது. எந்த எடையுடைய வீரர் மூவரையும் அரை மணி நேரத்துக்குள் வீழ்த்திக் காட்டுவதாக அவர் வெளிப்படையாக அறைகூவல் விடுத்தார். தொடக்கத்தில் இது விளம்பரத் தந்திரம் என்றே கருதப்பட்டது.

முதலில் முன்வந்தவர் அமெரிக்க மருத்துவரும் மற்போர் வீரருமான பெஞ்சமின் ரோலர். காமா அவரை முதன்முறை இரண்டு நிமிடங்களுக்குள்ளும், இரண்டாம் முறை பத்து நிமிடங்களுக்குள்ளும் வீழ்த்தினார். இதன் பின்னரே ஸ்பிஷ்கோவுடனான போட்டி உறுதியானது. பரிசு 250 பவுண்டுகளும் ஜான் புல் இடைவாரும் ஆகும்.

1910 செப்டம்பர் 10 அன்று நடந்த அப்போட்டி மற்போர் வரலாற்றிலேயே விந்தையான ஒன்று. தொடங்கிய சிறிது நேரத்தில் காமா எதிராளியை விரிப்பில் தள்ளினார். தம்மைவிட மிகுந்த எடை கொண்ட ஸ்பிஷ்கோ, குப்புறப் படுத்து விரிப்போடு ஒட்டிக்கொண்டார். மல்லாத்தித் தோள்கள் இரண்டையும் தரையில் படச் செய்தாலொழிய வெற்றியில்லை. காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை. அவரும் எழுந்து மோதவில்லை. இரண்டு மணி 35 நிமிடங்கள் இப்படியே கழிந்தன. போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் நடத்துவதாக முடிவாயிற்று. செப்டம்பர் 17 அன்று காமா களத்துக்கு வந்தார், ஸ்பிஷ்கோ வரவில்லை. பரிசும் இடைவாரும் காமாவுக்கு அளிக்கப்பட்டன. அக்காலத்தின் தலைசிறந்த வீரர்களான ஜார்ஜ் ஹேக்கன்சுமிட், ஃபிராங்க் காட்ச் ஆகியோருடன் மோதும் வாய்ப்பு காமாவுக்குக் கிட்டவேயில்லை.

இந்தியர் வலுவற்றவர் என்ற எண்ணத்தை ஆட்சியாளர் பரப்பியிருந்த காலம் அது. ஜெர்மானிய வலிமையாளர் யூஜின் சாண்டோ 1904–05-இல் இந்தியாவில் காட்சிகள் நடத்திச் சென்றிருந்தார். தமிழில் கையில்லாத உள்சட்டைக்கு வழங்கும் சாண்டோ பனியன் என்ற பெயரும், திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னிருந்த பட்டமும் அவரை நினைவூட்டுவன. சாண்டோவை வியந்து பார்த்த நாட்டிலிருந்து ஒருவர் இலண்டன் சென்று இடைவாருடன் திரும்பியது, விளையாட்டுச் செய்தியாக மட்டும் பார்க்கப்படவில்லை.

பாட்டியாலா, 1928

பதினேழு ஆண்டுகளுக்குப் பின் ஸ்பிஷ்கோ இந்தியா வந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் அமெரிக்காவில் உலக மிகுஎடைப் பட்டத்தை இருமுறை பெற்றிருந்தார். 1928 சனவரியில் பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் ஏற்பாடு செய்த அரங்கில் பல்லாயிரம் மக்கள் கூடினர். இருவரும் ஐம்பது வயதை நெருங்கியவர்கள். இம்முறை விரிப்பு இல்லை, மண் கோதா. ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஷ்கோ மல்லாந்து கிடந்தார். மறு ஆண்டு ஜெஸ்ஸி பீட்டர்சனையும் காமா இரண்டு நிமிடங்களுக்குள் வென்றார். அதன் பின் இவரை எதிர்க்க எவரும் முன்வரவில்லை எனலாம்.

பிரிவினையும் இறுதிக் காலமும்

1947-இல் நாடு பிரிந்தபோது காமா பாகிஸ்தானின் பகுதியான இலாகூரில் வாழ்ந்தார். கலவரத்தின்போது மோனி சாலைப் பகுதியில் வசித்த இந்துக்களைத் தாக்க வந்த கும்பலைத் தம் பயில்வான்களுடன் எதிர்த்து நின்று, பின்னர் அம்மக்களை எல்லை வரை பாதுகாப்பாக அனுப்பிவைத்தார் என்று இவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

மன்னர்களின் ஆதரவு மறைந்ததும் வருவாயும் மறைந்தது. இதய நோயும் ஈளை நோயும் வாட்டிய முதுமையில் மருத்துவச் செலவுக்கே பணமின்றித் துன்புற்றார். பாகிஸ்தான் அரசு உதவியது. இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா 2,000 ரூபாயும் மாதந்தோறும் 300 ரூபாயும் அளித்தார். 1960 மே 23 அன்று இலாகூரில் காமா காலமானார்.

இமாம் பக்ஷின் மகன்களான போலு சகோதரர்கள் பாகிஸ்தானில் மற்போர் மரபைத் தொடர்ந்தனர். முன்னாள் பிரதமர் நவாஸ் ஷெரீஃபின் மனைவி குல்சூம் நவாஸ் (இறப்பு 2018) காமாவின் மகள்வழிப் பேர்த்தி ஆவார். சண்டைக்கலை நடிகர் புரூஸ் லீ காமாவின் பயிற்சி முறைகளைக் கட்டுரைகள் வழியே அறிந்து, பஸ்கியையும் தண்டாலையும் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார்.