அழைப்புக்கு ஆளான புலவர்

ஆனேக்கல்லில் நான் தங்கியிருக்கும் தெருவில் பட்டுத்தறிகள் ஓய்ந்த பின்னரும் எங்கள் அறையில் வாதம் ஓய்வதில்லை. பாவி தானே மனந்திரும்பிக் கடவுளை நாடுகிறானா, அன்றிக் கடவுளே அவனைத் தெரிந்துகொண்டு அழைக்கிறாரா என்று அண்மையில் நண்பரொருவர் கேட்டார். அகஸ்தீனாரும் கால்வினும் ஆராய்ந்த வினா அது. எனக்கோ எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் வாழ்வே நினைவில் எழுந்தது.

நெல்லைச் சீமையிலுள்ள கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடியிற் பிறந்தவர், கம்பனில் தோய்ந்தவர். 1853-இல் சாயர்புரம் மிஷன் பள்ளிக்குத் தமிழாசிரியராகச் சென்றார். சென்றது ஊதியத்துக்காக, வேதத்துக்காக அன்று. உடன்பிறந்த முத்தையா பிள்ளையும் நண்பர் தனகோடி ராஜுவும் அவருக்கு முன்பே கிறிஸ்தவராயினர். அவரோ தயங்கி நின்றார். சுற்றம் என்ன சொல்லும் என்பது அந்நாளில் சிறிய அச்சமா? ஐந்தாண்டுகள் கழிந்து, 1858-இல், சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் அப்போது சேர்ந்ததே.

இந்த வினா அவருக்குப் புதிதாக இருந்திராது என்பது என் எண்ணம். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் உயிர் உய்யும் வழிக்கு உவமை காட்டுவர். கால்வின் பூனையின் கட்சி. வெஸ்லியோ, அருள் முந்தி வந்தாலும் மனிதன் அதை மறுக்கலாம் என்றவர்.

கவ்விச் சென்றதாயின் ஐந்தாண்டு தயக்கம் ஏன் என்று மடக்கினார் நண்பர். பூனைக்குட்டியும் சில வேளை பிராண்டும் என்றேன். அறையில் சிரிப்பு எழுந்தது; ஆனால் அது விடையாகாது என்பதை நானும் அறிவேன். இழுத்துச் செல்வது அழைப்பாகுமா? மனிதனின் விருப்பத்தையே அருள் மாற்றிவிடுகிறது, அதன்பின் அவன் விரும்பியே வருகிறான் என்பர் கால்வினின் வழிவந்தோர். அவ்வாறாயின், அழைக்கப்படாதவன் செய்த குற்றம் என்ன? இவ்விடத்தில் என் வாதம் தடுமாறியது.

பின்னாளில் பிள்ளையவர்கள், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட யாத்திரைக் கதையைக் கம்பன் நடையில் காவியமாக்கினார். 1894-இல் வெளிவந்த அந்த இரட்சணிய யாத்திரிகத்தால் கிறிஸ்தவக் கம்பர் எனப் பெயர் பெற்று, 1900-இல் மறைந்தார். பனியனின் கதைத்தலைவன் தன் காலாலேயே நடக்கிறான். வாயிலைத் தன் கையாலேயே தட்டுகிறான். ஆயினும் போகும் திசையறியாது அழுது நின்ற அவனிடம் வழிகாட்டி வந்த பிறகே அந்தப் பயணம் தொடங்குகிறது.

இதைச் சொன்னதும் நண்பர் காவியத்தைக் கேட்டு வாங்கிச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை.