டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்

உடல் முடங்கினும் ஊக்கங் குன்றாது, தம் கையே தமக்குதவியென வாழ்ந்தோருள் மேரி வர்கீஸ் அம்மையாரும் ஒருவர். கொச்சிச் சீமையில் 1925-இல் பிறந்த அவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்று மருத்துவரானார். 1954-இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்தமையால், இடுப்பின்கீழ் உணர்ச்சியும் அசைவும் அற்றன.

கால்கள் போயினும் கைகள் உளவே! டாக்டர் பால் பிராண்டு என்பார் ஊக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையாற் சீர்செய்து, பலர் மீண்டும் உழைத்துண்ண வழிகண்டார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்று மீண்டார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரையடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1986-இல் மறைந்தார்.

வேலூருக்கு மேற்கே ஒசூர், கிருஷ்ணகிரித் தொழிற்சாலைகளின் வாயிலில், மூளை முடக்குவாதமுற்ற இளைஞனொருவன் வேலை வேண்டி நிற்பானாயின், அவன் நடையை நோக்குமுன் இவ்வம்மையாரை நினைத்தல் நன்று.