தமிழுக்கு அகராதி தந்த வீரமாமுனிவர்

ஏரி என்றால் தண்ணீர். எரி என்றால் நெருப்பு. இன்று இந்த இரண்டு சொற்களையும் முதல் வகுப்புப் பிள்ளைகூடப் பிரித்துப் படித்துவிடும். 300 ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. ஓலைச்சுவடிகளில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. நீரா, நெருப்பா என்பதை முன்னும் பின்னும் படித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் குழப்பம் தீர வழி செய்தவர் தமிழ் மண்ணில் பிறந்தவர் அல்ல. கடல் கடந்து வந்த ஒரு பாதிரியார். அவர்தான் வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்ற ஊரில், 1680-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 18-வது வயதில் ஏசு சபையில் சேர்ந்தார். 1710-ம் ஆண்டு கப்பல் ஏறிக் கோவா வந்து சேர்ந்தார். மறு ஆண்டு தமிழ்நாட்டில் கால் வைத்தார். அப்போது அவருக்கு வயது 30. ஒரு சொல் தமிழ் தெரியாது!

காமநாயக்கன்பட்டி

அவர் முதலில் பணிசெய்த ஊர்களில் ஒன்று, கோவில்பட்டிக்கு அருகே உள்ள காமநாயக்கன்பட்டி. இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. கரிசல் காட்டு ஊர். அங்கிருந்து கிழக்கே போனால் முத்துக்குளித்துறைக் கடற்கரை.

அந்தக் கடற்கரைக்குத் தமிழ் எழுத்தோடு ஏற்கனவே உறவு உண்டு. முத்துக் குளிக்கும் மக்களிடையே பல்லாண்டுகள் வாழ்ந்த அன்றீக்கு அடிகளார் என்ற போர்த்துக்கீசியர், 1578-ம் ஆண்டிலேயே தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூலைக் கொல்லத்தில் அச்சிட்டார். அவர் தொடங்கிய பாதையில் பெஸ்கி வெகு தூரம் போனார்.

கான்ஸ்டன்டைன் என்றால் உறுதி உடையவர் என்று பொருள். அதனால் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பின்னர் அதுவே வீரமாமுனிவர் ஆயிற்று. மதுரைப் பக்கம் இருந்த பாதிரிமார்களின் வழக்கப்படி சந்நியாசிபோல் காவி உடுத்தினார்.

பெயருக்கு ஏற்ற தைரியம் அவருக்கு விரைவிலேயே தேவைப்பட்டது. குருக்கள்பட்டி என்ற ஊரில் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். மரண தண்டனையும் விதித்தார்கள். எப்படியோ உயிர் தப்பினார். சிறையிலிருந்து வந்தவர் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. தமிழ்ப் படிப்பைத் தொடர்ந்தார்.

நான்கு அகராதிகள்

படிக்கப் படிக்க அவருக்கு ஒரு பெரிய தடை தெரிந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை என்றால் எங்கே போய்ப் பார்ப்பது? அக்காலத்தில் சொற்பொருள் சொல்லும் நூல்கள் இருந்தன. நிகண்டு என்று பெயர். ஆனால் அவை செய்யுள் வடிவில் இருந்தன. மாணவர்கள் அவற்றைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தார்கள். மனப்பாடம் இல்லாதவனுக்கு நிகண்டு பூட்டிய பெட்டிதான். 1594-ம் ஆண்டிலேயே சிதம்பர ரேவணசித்தர் அகர வரிசையில் ஒரு நிகண்டு செய்தார். அதுவும் செய்யுள்தான்.

வீரமாமுனிவர் செய்யுளை விட்டார். சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். 1732-ம் ஆண்டு சதுரகராதி உருவாயிற்று. சதுர் என்றால் நான்கு. ஒரே நூலில் நான்கு அகராதிகள்!

முதலாவது பெயர் அகராதி. ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களை அது சொல்லும். ஆழி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது கடலையும் குறிக்கும், சக்கரத்தையும் குறிக்கும், மோதிரத்தையும் குறிக்கும். இரண்டாவது பொருள் அகராதி. இது திருப்பிப் போட்டதுபோல. கடல் என்ற ஒரே பொருளுக்கு ஆழி, பரவை, முந்நீர், பௌவம் என்று எத்தனை பெயர்கள்! மூன்றாவது தொகை அகராதி. முக்கனி எவை, ஐம்பொறி எவை, நவமணி எவை என்ற தொகுப்பு.

நான்காவதுதான் வேடிக்கையானது. அதன் பெயர் தொடை அகராதி. எழுத்து ஒத்து வரும் சொற்களை இனம் இனமாகச் சேர்ப்பது இதன் வேலை. முத்து, வித்து, சொத்து, கொத்து, பத்து - இவற்றில் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். கடல், மடல், உடல், திடல் - இவையும் அப்படியே. இதற்கு எதுகை என்று பெயர். பாட்டுக் கட்டுகிறவனுக்கு இப்படிப்பட்ட சொற்கள் ஓயாமல் வேண்டும். தேடித் தவிக்காமல் ஒரே இடத்தில் கிடைத்தால் எவ்வளவு வசதி!

அந்த வசதியின் அருமை அவருக்கே நன்றாகத் தெரியும். 1726-ம் ஆண்டில் அவர் தேம்பாவணி என்ற காவியத்தைப் பாடி முடித்திருந்தார். சூசையப்பரின் வரலாற்றைக் கூறும் நூல் அது. மொத்தம் 3,615 செய்யுட்கள். எதுகையைத் தேடி அவர் எத்தனை இரவு விழித்திருப்பாரோ!

புள்ளியும் சுழியும்

ஏரி, எரி குழப்பத்துக்கு வருவோம். பழைய இலக்கண விதிப்படி குறில் எ, ஒ எழுத்துகளின் மேல் புள்ளி வைக்க வேண்டும். நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஆனால் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துபோகும். ஆகவே எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். கொடியும் கோடியும் ஒன்றாயின. செறுவும் சேறும் ஒன்றாயின.

வீரமாமுனிவர் மாற்றி யோசித்தார். குறிலுக்குப் புள்ளி வேண்டாம், நெடிலுக்கு ஒரு சுழி போதும் என்றார். சுழித்தால் ஓலை கிழியாது. இரட்டைச் சுழிக் கொம்பு இப்படித்தான் வழக்கத்துக்கு வந்தது.

பேச்சுத் தமிழுக்கும் அவர் லத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார். அதை 1738-ம் ஆண்டு அச்சிட்டவர்கள் யார் தெரியுமா? தரங்கம்பாடியில் இருந்த புராட்டஸ்டண்டுப் பாதிரிமார்கள். மதத்தில் அவருக்கு நேர் எதிரிகள்! அவர்களைக் கண்டித்து அவர் நூல்கள் எழுதியவர். ஆனாலும் தமிழ் படிக்க அவருடைய புத்தகம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

முட்டாள் சீடர்களோடு ஊர் ஊராய் அலையும் பரமார்த்த குருவை அறியாத வீடு உண்டா? அந்தக் கதையும் இவர் எழுதியதுதான்.

கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் இருந்தார். பிறகு திருச்சிச் சீமையில் போர் மூண்டது. 1741-ல் மராட்டியர் திருச்சியைப் பிடித்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய முனிவர் தெற்கே முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி அப்போது டச்சுக்காரர் கையில் இருந்தது. அவர் மணப்பாட்டில் தங்கிப் பணிசெய்தார். 1747-ம் ஆண்டு அவர் உயிர் பிரிந்தது.

சதுரகராதி அச்சேறியதை அவர் பார்க்கவில்லை. அவர் இறந்த பிறகும் நெடுங்காலம் ஏடாகக் கை மாறிக்கொண்டிருந்த அந்த நூல், 1824-ம் ஆண்டில் சென்னையில் நான்கு பகுதிகளும் சேர்ந்து அச்சாகி வெளிவந்தது.